இருநூறு மில்லி

காலை ஆறேகால். சாப்பாட்டுக்கு முக்கால் மணி முன்பு
இருநூறு மில்லி, கை பொறுக்கும் சூடு,
மடக்கு மடக்காக.
டாக்டர் எழுதிச் சுவரில் ஒட்டியது.
சூடாக்குவது, அளப்பது,
குடித்தால் கட்டத்தில் டிக் போடுவது என் வேலை.

குடிதண்ணீர் வேண்டுமென்று
புதுமடத்துக்காரர்கள் போட்ட போர்.
வெதுவெதுவென்று, உப்புக்கரித்து,
அவித்த முட்டை வாடையோடு ஏறியதும்
வாயைப் பொத்திவிட்டுப் போய்விட்டார்கள்.
அதைத்தான் இப்போது மருந்து என்கிறோம்.
தண்ணியில்லாக் காட்டுக்குத் தூக்கியடிப்பேன் என்று
அதிகாரிகளை மிரட்டுவார்களே, அந்தக் காட்டில்
பதினேழு பிள்ளைகள்
தண்ணீர் குடிப்பதற்கென்றே தங்கியிருக்கிறார்கள்.

குடற்புண் பெரியவர்கள் சமாச்சாரம்,
கடன்பட்டவர்களுக்கு வருவது என்றிருந்தேன்.
பைரோசாவுக்கு ஒன்பது வயது.
ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து உட்கார்வாள்
முழங்காலை வயிற்றில் அழுத்திக்கொண்டு.
வள்ளங்களில் இன்ஜின் உறுமுகிற நேரம்.
"அக்கா, உள்ள யாரோ அடுப்பு ஊதுறாங்க."
இரண்டு ரொட்டி, அரை டம்ளர் பால்.
ஊதுகிறவர் அடங்குவார்.

பத்து மணிக்கு மண்பட்டி.
ஈரச் சேற்றைத் துணியில் பொதிந்து வயிற்றின் மேல்.
கச்சானுக்குப் பயந்து கரையேற்றிய வத்தைகள்போல
வரிசையாகக் கிடப்பார்கள்.
சிரிக்கக்கூடாது, சிரித்தால் சேறு வழுக்கும்.
சிரிப்பார்கள்.

லூர்து சகாயம் சிரிக்கமாட்டான்.
பன்னிரண்டு நாளாகியும் எடை ஏறவில்லை.
அவன் கட்டிலுக்கடியில் கூட்டும்போது
துடைப்பத்தில் இடறின
ஐந்து பாட்டில்கள், கழுத்துவரை,
மூடிமேல் பாலித்தீன் இறுக்கிக் கட்டி.
நான் போட்ட டிக்குகள் எல்லாம்
அங்கே இருந்தன.

திட்டத்தான் வாயெடுத்தேன்.
"ஞாயித்துக்கிழம அம்மா வரும்" என்றான்.

வந்தாள், வேதாளையிலிருந்து.
பாசி எடுக்கப்போய்ப் பாறை கிழித்த விரல்களில்
துணி சுற்றியிருந்தாள்.
விடியுமுன் வெறும் வயிற்றோடு முங்குகிற பிழைப்பு.
பையனிடம் பேசிக்கொண்டிருக்கும்போதே
இடது கை தானாகப் போய்
நெஞ்சுக்கூட்டுக்குக் கீழே நாலு விரற்கடையில்
உட்கார்ந்தது.
அவன் அழுத்திக்கொள்கிற அதே இடம்.

பதினாலு வயசுக்கு மேல் இங்கே கட்டில் கிடையாது.
ஆறிப்போன பாட்டில் தண்ணீர் மருந்தாகாது என்பதை
எந்த வாயால் சொல்ல?
அடுப்பைப் பற்றவைத்தேன்.
இரண்டு டம்ளர்.
மோந்து பார்த்து முகம் சுளித்தாள்:
"இதையாடா குடிக்கிற?"
"மடக்கு மடக்கா," என்றான், சுவரைப் படிப்பவன்போல.
"ஒரே மூச்சுல இழுக்காத."

சகாயத்துக்கு ஒரு டிக்.
அவன் கணக்கில் முதல் நிஜ டிக்.
இன்னொன்றுக்குக் கட்டம் இல்லை.
ஓரத்தில் ஒரு புள்ளி வைத்தேன்,
கேட்டால் பேனா கசிந்ததென்று சொல்லிக்கொள்ளலாம்.

அவள் பாட்டில்களையும் விடவில்லை.
பாத்திரம் அலசவாவது ஆகுமே என்று
ஐந்தையும் பையில் போட்டு
பஸ்ஸுக்கு நடந்தாள்.