ஒளு என்றொரு ஊர்

கைபேசியில் இப்போது எனக்கு இரண்டு ஊர்கள்.
கீழக்கரை, இருபத்தொன்பது, ஓரளவு மேகம்.
ஊலு, மைனஸ் பதினேழு.
நாளுக்குப் பத்துத் தடவை எட்டிப் பார்க்கிறேன்,
அடுப்பில் வைத்த பாலைப் போல.

"என்ன பேரும்மா சொன்ன?"
உம்மா மறுபடி கேட்டார்.
ஊலு.
"ஒளுவா?"
பின்லாந்து உம்மா. வடக்கே, கடலோரம்.
"பேரு சுத்தமாத்தான் இருக்கு"
என்றுவிட்டுப் பூண்டு உரிக்கப் போனார்.

ஜனவரியில் அங்கே
பத்து மணி தாண்டித்தான் விடியுமாம்,
மூன்றுக்குள் இருட்டிவிடுமாம்.
லுஹருக்கு விரித்த முஸல்லாவை
மஃரிபு வரை மடிக்க வேண்டியதில்லை.
மே மாதம் நான் கிளம்பும்போது
இரவு என்று சொல்ல எதுவும் மிஞ்சியிருக்காது.
அப்படியென்றால்
முழு செமஸ்டரும் ஒரே ஒரு
நீளமான சுபுஹு.

நான் எடுத்திருக்கும் பாடம்
உறைந்த மண்ணில் அடித்தளம்.
மதியம் குழாயைத் திறந்தால்
வெந்நீர் வரும் தெருவிலிருந்து போகிறேன்.
இதைப் படிச்சு இங்க என்னத்தக் கட்டுவே
என்றான் பெரியம்மா மகன் ஹமீஸ்.
தெரியவில்லை.
தெரியாதது ருசியாக இருக்கிறது என்று
அவனிடம் சொல்லவில்லை.

ராமநாதபுரத்தில் ஸ்வெட்டர் கேட்டபோது
கடைக்காரர் கேட்டார்: "கொடைக்கானலா?"
இன்னும் கொஞ்சம் மேலே, என்றேன்.
கடைசியில் ஆன்லைனில் வந்த ஜாக்கெட்டை
மின்விசிறியின் கீழே போட்டுப் பார்த்தேன்.
ஏழு நிமிடம்.
முதுகில் வியர்வை ஆறாக ஓட
கண்ணாடிக்குள் ஒருத்தி
எனக்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தாள்.

உம்மாவுக்குப் பெட்டி கட்டத் தெரியும்.
வாப்பாவின் ஷார்ஜா டயர்க்கடைக்கு
இருபத்துநாலு வருஷம் கட்டிய கை.
தராசு வேண்டாம்,
தூக்கிப் பார்த்தே சொல்வார் இருபத்துமூன்று கிலோவை.
தொதலை எதற்குள் எதைச் சுற்றி வைத்தால்
எண்ணெய் கசியாது என்பதும் அந்தக் கைக்குத் தெரியும்.
கைலிகள் இருந்த மூலையில் இப்போது
என் நாப்கின் பாக்கெட்டுகள்.
ஒரு கணம் தயங்கி, பிறகு
அதே மாதிரி அழுத்தி அடுக்கினார்.

கடைசிப் பெயர் என்ற கட்டத்தில்
வாப்பாவின் பெயரை நிரப்பியிருந்தேன்.
ரிஸ்மினாவை விட்டுவிட்டுக் கடிதம் வந்தது:
அன்புள்ள இபுறாகீம்,
எங்கள் பல்கலைக்கழகம் உங்களை வரவேற்கிறது.
எட்டாம் வகுப்போடு கப்பல் ஏறியவர்
மொழிபெயர்க்கச் சொல்லிக் கேட்டார்.
இன்னொரு தரம், என்றார்.
பிரிண்ட் எடுத்துத் தா, என்றார்.
ரப்பர் பேண்டு போட்ட நான்கு பழைய பாஸ்போர்ட்டுகளோடு
அதுவும் இப்போது பீரோவில் இருக்கிறது.

அவருக்குத் தெரியாதது வேறொன்று.
எப்போதும் காருக்குள் இருந்தே பழகியவர்.
நேற்று ராத்திரி உம்மாவிடம் கேட்டாராம்:
"கார் முக்குத் திரும்புற வரைக்கும் நிக்கணுமா,
முன்னாடியே உள்ள வந்துடலாமா?"
உம்மா பதில் சொல்லவில்லையாம்.
விளக்கை அணைத்துவிட்டாராம்.

சாயங்காலம் ஜெட்டிக்குப் போனேன்.
தெற்கே கோடு போல அப்பா தீவு.
இருபது வருஷமாக இங்கிருந்தே பார்க்கிறேன்,
போக அனுமதி கிடையாது.
அங்கே பிப்ரவரியில்
கடல்மேல் சாலை திறப்பார்களாம்.
எதிரே உள்ள தீவுக்குக் கார் போகுமாம், நாய் போகுமாம்,
சைக்கிளில் பிள்ளைகள் போகுமாம்.

பள்ளிக்குள் நுழைய வலது கால்.
வெளியே வர இடது கால்.
கடல்மேல் முதன்முதலாக வைக்க
எந்தக் கால் என்று
யாரும் எனக்குச் சொல்லித்தந்ததில்லை.
செருப்பைக் கழற்றிவிட்டு
ஈரப் படியில் நின்று
இரண்டையும் மாற்றி மாற்றி
வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.