கீல்

முதலில் கொன்றது நான்தான்.
அதைச் சொல்லிவிட்டால் மற்றது எளிது.

ஞாயிறு காலை. நாத்தனார் குடும்பம்
மாட்டுத்தாவணியில் இறங்கிவிட்டதாகப் போன்.
ஃப்ரீசரில் அரைக்கிலோ கறி
பனியோடு பனியாய் ஒட்டிக் கிடந்தது.
அணைத்து, கதவைத் திறந்துபோட்டு,
அரைமணி பொறுத்திருந்தால் தானே விட்டிருக்கும்.
கூரான எதையும் கொண்டு குத்தாதீர் என்று
முட்டைத் தட்டுக்கு மேலே ஒரு ஸ்டிக்கர்.
பதினாலு வருஷமாய் முட்டை எடுக்கிறேன்,
எழுத்தில் பாதி என் விரல் தேய்த்தது.

கத்தியை எடுத்தேன்.
உஸ்ஸென்று ஒரு சத்தம். நீளமாகக்கூட இல்லை.
குக்கரென்று நினைத்து
அடுப்பைத் திரும்பிப் பார்த்தேன்.

சிக்கந்தர் பாய் வந்து பின்பக்கம் தட்டினார்.
சுவரோடு ஒட்டி வைத்ததற்கு ஒரு திட்டு.
டிவி, மிக்ஸி, இது மூன்றும்
ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் தொங்கியதற்கு ஒரு திட்டு.
"எர்த்தே இல்லாமத்தான் இத்தனை வருஷம் தொட்டீங்களாக்கா?"
மழை நாளில் கைப்பிடி சுள்ளென்று கடிக்கும்.
ரப்பர் செருப்பு மாட்டிக்கொண்டு திறப்போம்,
வீட்டு வழக்கம்போல.
பழைய பெட்டி, அடைத்தாலும் நிற்காது என்றார்.

வளவுக்குள் ஏழு குடித்தனம், ஒரே மாடிப்படி.
படிக்குக் கீழே கொண்டுபோய் நிறுத்தினோம்,
ஒரு வாரம் என்றுதான்.
மூன்று மாதம் ஆனது.
மேலே கோலமாவு டப்பா ஏறியது,
யாரோ சைக்கிளைச் சாத்தினார்கள்,
மேல்வீட்டுப் பேச்சி தேங்காய் மட்டையை
உள்ளேயே அடுக்கப் பார்த்தாள்.

செல்லூரில் கரண்டு போன ஒரு சாயங்காலம்
பிள்ளைகள் ஒளிந்து விளையாடினார்கள்.
ஐம்பது எண்ணி முடித்து
எல்லோரையும் பிடித்துவிட்டான் முகிலன்,
தர்ஷிகாவைத் தவிர.
"அக்கா, உங்க பாப்பா அங்கிட்டு வந்தாளா?"

மாவுக் கையோடு ஓடினேன்.
படிக்கட்டு ஒன்பதடி தூரம்.
அதற்குள் எத்தனை கணக்கு:
தட்டுகளைக் கழுவிக் கழற்றி வைத்தது நான்.
காய்கறிப் பெட்டியையும்.
ஆறு வயது மடங்கி உட்கார
அளந்தாற்போல் இடம் செய்து வைத்தது நான்.
பாலுக்குக் காற்றுப் புகாமல் காத்த ரப்பர் விளிம்பு
இன்னும் நன்றாகத்தான் இருந்தது.
உள்ளேயிருந்து தள்ளிப் பார்த்தவர் யார்?
கத்தினால் வெளியே எவ்வளவு கேட்கும்?

திறந்தேன்.
ஒரு பூண்டுத் தோல்.
பழைய குளிரின் வாடை.

"நான் இங்கனதான் இருக்கேன்" என்று
தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னாலிருந்து வந்தாள்,
நானே காட்டிக்கொடுத்துவிட்ட கோபத்தோடு.
அடித்தேன்.
எதற்கென்று அவளுக்கு இன்றுவரை தெரியாது.

ராத்திரியே செல்போன் வெளிச்சத்தில்
கீலைக் கழற்றினேன்.
மேலே மூன்று திருகு, கீழே இரண்டு.
கடைசியது துருவேறி அசையவில்லை.
தேங்காயெண்ணெய் விட்டு, ஊறட்டும் என்று
படியில் உட்கார்ந்திருந்தேன்.
இந்தப் பொறுமை அந்த ஞாயிற்றுக்கிழமை
எங்கே போயிருந்தது.

காயலான் கடை ஒச்சப்பன் வந்து
வாசல் இல்லாத உடம்பைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான்.
"முழுசா இருந்தா ஆயிரத்து இருநூறு. இப்ப எண்ணூறு."
கதவு தனியாக இருக்கிறது, சேர்த்து எடு என்றேன்.
"அப்புறம் என்னத்துக்குக் கழட்டுனீங்க?"

கம்ப்ரஸரைச் சம்மட்டியால் அடிக்காதே,
எண்ணெய் சாக்கடையில் போகக்கூடாது,
உள்பஞ்சைக் கண்மாய்க்கரையில் கொளுத்தாதே,
இதையெல்லாம் முறையாகப் பிரிக்கிற இடம் இதோ என்று
பாய் எழுதிக்கொடுத்த சீட்டை நீட்டினேன்.
மடித்துச் சட்டைப்பையில் வைத்தான்.
வைத்தான். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

வண்டி தெருமுனையில் திரும்பும்போது
வெயில் உள்ளே வரை விழுந்தது,
கதவு திறந்தால் மட்டும் எரியும்
அந்தச் சின்ன பல்பு இருந்த இடம் வரை.

புதிது வரும் முன்னே எர்த் இழுக்க
எலக்ட்ரீஷியன் எண்ணூற்றைம்பது கேட்டான்.
கையிலிருந்து ஐம்பது போட்டுக் கொடுத்தேன்.