ஈயத் தலை

அங்கமுத்து டயர் கடையில்
சக்கரத்துக்குச் சமன் பார்த்துக் கழற்றி எறிந்த ஈயத்துண்டு,
ஒரு பால் கவர் நிறைய.
"எதுக்கு?" என்றார். "மீனுக்கு."
மீன் ஈயம் தின்னுமா என்று
ஸ்பானரும் கையுமாய்ச் சிரித்தார். காசு வாங்கவில்லை.

அச்சுக்குச் செங்கல். இரண்டாய் அறுத்து
முகத்தோடு முகம் தேய்த்து மட்டமாக்கி
ஆணியால் ஒரு புளியங்கொட்டைக் குழி,
கொக்கி படுக்க ஒரு கீறல்,
ஈயம் இறங்க ஒரு வாய்க்கால்.
மூன்று நாள் மொட்டைமாடி வெயிலில் கிடந்தது.
ஈரம் இருந்தால் ஈயம் எகிறும்.
முதல் தடவை எகிறியது
மிளகளவுக்கு என் மணிக்கட்டில் இன்னும் இருக்கிறது.

உருக்கிய கரண்டி
இனிக் குழம்புப் பக்கம் வரக்கூடாது.
காம்பில் சிவப்புத் துணி கட்டிவிட்டேன்.

மிச்சமெல்லாம் தறியிலிருந்து.
அம்மாபேட்டையில் ராத்திரி ஷிப்ட்.
அறுந்த பாவு நூல், வெட்டிப்போட்ட ஜரிகை நுனி,
முந்தானையில் முடிந்துகொண்டு வருவேன்.
சேவலின் கழுத்து இறகைக் கறிக்கடை பாய்
சிவப்பாய்ப் பார்த்து அவரே பொறுக்கித் தருவார்.
செவ்வாய்ப்பேட்டை கொலுசுப் பட்டறையிலிருந்து
நாத்தனார் வசந்தாமணி கொண்டுவந்த மணி ரெண்டு,
வெள்ளி இல்லை, கணக்கில் வராத பித்தளை.
கண்ணுக்கு என் நகப்பாலிஷ்.

கொக்கி மட்டும் விலைக்கு. நாலு ரூபாய்.
இதையே அட்டையில் குத்தி மாட்டினால்
கடைத்தெருவில் நூற்றைம்பது.

ஆறு மணிக்கு மூக்கனேரிக் கரை.
தூரத்தில் ஏற்காடு போகும் முதல் பஸ்
கொண்டை ஊசியில் திரும்பி விளக்கு மறைந்தது.
முதலாவது ஆகாயத்தாமரைக்குப் போச்சு.
இரண்டாவது மூழ்கிய கருவேலத்துக்கு.
மூன்றாவதை எதற்கென்று சொல்லாமலே
ஏரி வைத்துக்கொண்டது.
போகட்டும், நாலு நாலு ரூபாய்.

நாலாவதுக்கு
நாடா ஓடி நாடா திரும்பும் தாளம்
கைக்குத் தானாக வந்துவிட்டது.
இழு. விடு. இழு.
விரால்!

கரையில் போட்டு வாயைப் பிளந்தால்
என்னுடையதற்குப் பக்கத்தில் இன்னொன்று.
கடைச்சரக்கு இல்லை.
எவர்சில்வர் ஸ்பூனின் குழியை அறுத்து வளைத்த உடம்பு,
சைக்கிள் வால்வு டியூப்பைக் கீறிய வால்,
கண்ணுக்கு ஸ்டிக்கர் பொட்டு.
அதன்மேல் என்ன பசை பூசியதோ,
இத்தனை தண்ணீரிலும் உரியவில்லை.

கன்னங்குறிச்சியா? அஸ்தம்பட்டியா?
எந்த வீட்டில் ஒரு ஸ்பூன் குறைந்தது?
எந்தக் கண்ணாடியில் ஒரு பொட்டு?
நூல் மட்டும் ஒரு சாண் தொங்கியது.
முடிச்சு என்னுடையதைவிடச் சுத்தம்.
நகத்தால் மெல்லப் பிரித்துக்கொண்டே எண்ணினேன்,
ஏழு சுற்று. நான் நாலோடு நிறுத்துகிறவள்.

விரால் குழம்பு கொதிக்கும்போது
ஐந்தாவதைக் கட்டினேன், ஏழு சுற்று.
கண்ணுக்கு இரண்டு பூச்சு.
அறுந்து போனாலும்
யார் கையிலாவது கிடைக்கும்.