நூற்றிருபது பாகை

யார்லே கேட்டது ஒரே ஒரு மீன்.
படகுப் பழுது பார்க்கும் கொட்டகையின் சுவரில் மாட்ட,
ஆறடித் தகரத்தை மீனாகவே வெட்டி,
துறைமுக வாயிலிலிருந்தே தெரிய வேண்டுமாம்.

டிசம்பர், வார்டோ.
பகல் பன்னிரண்டு மணிக்கு விளக்கைப் போட்டுக்கொண்டு
முதுகை வளைத்தேன். நாலு புள்ளி போதுமாயிருந்தது.
வாலுக்குத்தான் பதினொன்று பிடித்தது.
முடியளவு கோட்டுக்குள் நிறமில்லாத காட் மீன்,
வயிற்றில் சாம்பலும் வெள்ளையுமாய்க் கட்டம்கட்டமான இல்லாமை.

கோட்டைத் தடிமனாக்கிப் பார்த்தேன்.
எட்டில் பிள்ளைகள் புத்தகத்து மீன்.
இரண்டில், பயந்துகொண்டே யாரோ வரைந்தது.
ஐந்துக்கு வந்தபோது அதற்குத் தோல் வந்தது.
செவுளின் கூர்மூலையை மட்டும்
உருட்டிவிட்டேன், குத்தாமலிருக்க.

பிறகு பச்சை ஊற்றினேன்.
"இது குளியலறைப் பச்சை" என்றார் யார்லே.
மறுநாள் செய்தித்தாளில் சுற்றி
நிஜ மீனையே கொண்டுவந்து
விசைப்பலகைக்குப் பக்கத்தில் கிடத்தினார்.
என் சொட்டுக்குழாய்க்குத்
திரையை விட்டு வெளியே வரத் தெரியாது.
கண்ணால் அள்ளி அள்ளித்தான் கலந்தேன்:
மேலே ஈரப்பாசி, நடுவே பழைய பித்தளை,
கீழே போகப்போக உப்பு.
விலாவில் ஒரு வெளிறிய கோடு,
அதன் ஒளிபுகுமையை அறுபதுக்கு இறக்கினேன்.
அறை நாறியது. நிறம் வந்துவிட்டது.

அத்தோடு விட்டிருக்கலாம்.
எனக்குத்தான் கை நிற்காது.
நிழல் என்ற பெட்டியில் ஒரு சொடுக்கு.
மீன் காகிதத்தை விட்டு
விரலளவு மேலே எழுந்தது.

யார்லே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.
"வெளிச்சம் எங்கிருந்து வருகிறது?"
மேலே, இடப்பக்கம். நூற்றிருபது பாகை.
"யார் வைத்தது?"
மென்பொருள்தான். யார் திறந்தாலும் அங்கேதான் இருக்கும்.

அவர் ஜன்னலைப் பார்த்தார்.
நானும் பார்த்தேன்.
மூன்று வாரமாக அணையாத துறைமுக விளக்கு,
அதன் கீழே மஞ்சளாய் ஒரு பனிமேடு.
"அந்தப் பக்கம் இப்போது யாரும் இல்லை, குன்வோர்.
எடுத்துவிடு."

எடுத்தேன்.
ரசீதில் மட்டும் விட்டுவைத்தேன்:
நிழல், அரை மணி நேரம்.
அந்த வரியைப் பேனாவால் அடித்துவிட்டு
மிச்சத்துக்குப் பணம் அனுப்பினார்.

ஜனவரியில் ஒரு நண்பகல், கோட்டையில் பீரங்கி.
சூரியன் முழு வட்டமாய்க் கிளம்பிவிட்டதாம்.
பள்ளியை விட்டுவிட்டார்கள்,
தெருவெல்லாம் பிள்ளைகள், ஒரே கூச்சல்.
மேலங்கிப் பொத்தானைக்கூடப் போடாமல்
கொட்டகைப் பக்கம் போனேன்.

ஆணிகள் நீளம்; தகரத்துக்கும் பலகைக்கும் நடுவே ஒரு சாண்.
தெற்கிலிருந்து சுவரை உரசிக்கொண்டு வந்தது வெயில்.
மீனுக்குக் கீழே நிழல் இல்லை,
பின்னாலும் இல்லை.
ஒரு கதவு தள்ளி, தனியாக,
இன்னொரு மீன்.
அதே வால், அதே பதினொரு புள்ளி.
கறுப்பே கிடையாது, ஊதா.
நான் எந்த எண்ணைத் தட்டியிருந்தாலும்
அவ்வளவு தூரம் தள்ளி வைத்திருக்க மாட்டேன்.

யார்லே ஏற்கெனவே அங்கே நின்றிருந்தார்,
காப்பிக் கோப்பையோடு, வாயைத் திறக்காமல்.
நாலு நிமிடம் இருந்திருக்கும்.
அப்புறம் மேகம்.

"அரை மணி நேரம் என்றல்லவா
எழுதியிருந்தாய்?" என்றார்.