மறுபடி சொல்லுங்க

செவ்வாய்ப்பேட்டை ஃப்ளெக்ஸ் கடைப் பையன்
கீபோர்டில் கைவைத்தபடி கேட்டான்:
பேரு? வயசு? என்ன பண்ணிக்கிட்டிருந்தாரு?
நாலு வரிக்குள்ள சொல்லுங்கக்கா,
அதுக்கு மேல போனா எழுத்து சிறுத்துடும்.

அர்த்தநாரி. தொண்ணூறு.
மின்வாரியம், லைன் இன்ஸ்பெக்டர், ஓய்வு.
அதற்குள் மூன்று வரி.

மிச்சத்தை இவனிடம் எப்படிச் சொல்ல.
ஊருக்கு வெளிச்சம் தந்து சம்பளம் வாங்கியவர்
கரண்ட் போனால்தான் சிரிப்பார் என்பதை.
தெருவே மின்வாரியத்தைத் திட்டும் இரவுகளில்
லுங்கியை மடித்துக் கட்டி
தொலைநோக்கியைத் தோளில் சாய்த்து
மொட்டைமாடிக்கு ஓடுவார்.
ஃபியூஸைப் பிடுங்குவதே அப்பாதான் என்று
எதிர்வீட்டுச் சிங்காரம் சாகும்வரை நம்பினார்.

அதன் கண்ணாடி கடையில் வாங்கியதல்ல.
ஆறங்குல வட்டத் துண்டு இரண்டு.
தார் டிரம்மின் மேல் ஒன்றை அமர்த்தி
மற்றதை அதன்மேல் வைத்து
கருமணல் போல் ஒரு பொடி, கொஞ்சம் தண்ணீர்,
தேய்த்தபடியே டிரம்மைச் சுற்றி நடப்பார்.
பதினோரு மாதம்.
"இதையே மாவா அரைச்சிருந்தா
பேட்டை முச்சூடும் இட்லி ஊத்தியிருக்கலாம்"
என்பாள் அம்மா.
அந்தக் கரகரப்பில்தான் நாங்கள் மூவரும்
வாய்ப்பாடு படித்தோம்.
பதினாறாம் வாய்ப்பாட்டில் தப்பினால்
தேய்ப்பது நிற்கும். திட்டு கிடையாது.
சரியாகச் சொன்னதும் மறுபடி நடப்பார்.

எண்பத்தாறில் வால்நட்சத்திரம்.
ஏற்காடு கடைசி பஸ்ஸில் ஐந்து பேர், ஒரு தகரக் குழாய்.
பீரங்கியா என்று கேட்டுவிட்டு
கண்டக்டர் அதற்கும் முழு டிக்கெட் கிழித்தார்.
இருபது கொண்டை ஊசி வளைவில்
பன்னிரண்டாவதில் நான் வாந்தி, பதினான்கில் தம்பி.
பகோடா பாயிண்டில் விடியும்வரை மூடுபனி.
பேருக்கு ஒரு நட்சத்திரம் இல்லை.
அம்மா மேல் அவர் சட்டை,
எங்கள் மேல் அவர் போர்வை,
அவர் பனியனோடு.
"அடுத்தது ரெண்டாயிரத்து அறுபத்தொண்ணு.
உனக்கு எண்பத்தஞ்சு இருக்கும்.
பாத்துட்டு எப்படி இருந்துச்சுன்னு சொல்லு."
யாரிடம் என்று கேட்க
பத்து வயதில் தோன்றவில்லை.

பச்சை அட்டை நோட்டுகள் பதினெட்டு.
தேதி, மணி, எந்தக் கோள், வானம் எப்படி.
ஓரத்தில் பென்சிலில்:
பூங்கொடி கணக்கில் 91.
செங்கோடனுக்குக் காய்ச்சல், வியாழன் பார்க்கவில்லை.
அம்மாவின் சிறுநீரகம் கெட்ட
ரெண்டாயிரத்து ஐந்திலிருந்து
நான்கு வருஷம் வானமே இல்லை.
அதே கட்டங்களில், அதே மையில்:
காலை காபி 100 மி.லி.
மாத்திரையோடு 50.
மோர் கேட்டாள். இல்லையென்றேன்.
மோர் கேட்டாள். 30.

2009 ஜூலையில் ஒரு பக்கம் வெறுமை.
அடுத்தது ஆகஸ்ட்:
சனி. மேற்கே, தாழ்வாக.
வளையம் விளிம்பு காட்டித் திரும்பியிருப்பதால்
தெரியவில்லை.
கீழே, வேறு பேனாவில்:
இருக்கிறது.

"நாலாவது வரிக்கா?
பாசமிகு தந்தைன்னு போட்டுடட்டுமா,
எல்லாரும் அதான் போடறாங்க."
போடு என்றேன். பொய்யில்லையே.

அவன் சேவ் பண்ணுவதற்குள் கரண்ட் போனது.
கடை, தெரு, எதிரே வெள்ளிப்பட்டறை
எல்லாம் ஒரே இருட்டு.
"இந்த ஈபிக்காரனுங்கள..." என்று ஆரம்பித்தவன்
நாக்கைக் கடித்துக்கொண்ட சத்தம் கேட்டது.

வாசலுக்கு வந்து அண்ணாந்தேன்.
கேபிள் ஒயர்களுக்கு நடுவே
ஏழெட்டு தெரிந்தன.
எதற்கும் பேர் தெரியவில்லை.
சொல்லித்தான் கொடுத்தார்,
நான்தான் ஒவ்வொரு முறையும் தூங்கிவிடுவேன்.

உள்ளே இன்வெர்ட்டர் முனகியது. திரை வெள்ளையாக.
"எல்லாம் போயிடுச்சுக்கா.
மறுபடி சொல்லுங்க.
பேரு?"