கீறல் வரும் இடம்

மொந்தெவிதேயோவில் ஜூலை என்றால் குளிர்.
ஆற்றுக் காற்று நம் கோட்டுப் பொத்தான்களை எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் வழிவிடும்.
செவ்வாய்க்கிழமை இரவு எட்டரை.
யமாண்டுவின் டயர்க்கடை ஷட்டர் பாதி இறங்கியிருக்க
குனிந்து நுழைகிறோம்,
கக்கத்தில் ஆளுக்கொரு இசைத்தட்டு.

விதி ஒன்றே ஒன்று:
ஒரு பக்கம் முழுசாக ஓடி முடியும்வரை
கொண்டுவந்தவர் வாய் திறக்கக் கூடாது.
இதுவரை யாரும் கடைப்பிடித்ததில்லை.
ஊசி இறங்குமுன்பே ஸுல்மா ஆரம்பிப்பாள்:
"முதல் அச்சு. லேபிள் பச்சை, பாருங்கள், பச்சை.
மறுஅச்சு என்றால் நீலம்."
பச்சைதானா என்று பார்க்க
பல் டாக்டர் ஓரிபே கண்ணாடியைத் தேடுவார்.
அது அவர் நெற்றியில் இருக்கும்.

இந்த வாரம் என்ன கேட்டாய்?
எங்களுக்குள் சௌக்கியமா என்பதை இப்படித்தான் விசாரிப்போம்.
மகளின் கல்யாணம் முறிந்ததைக்கூட ஓரிபே
ஒரே கிதார் தட்டை ஒன்பது தடவை கேட்டேன்
என்றுதான் சொன்னார்.
மாத்தே குவளையை அவர் பக்கம் நகர்த்தினோம்.

நான் பஸ் ஓட்டுகிறவன்.
சம்பளத்தில் பாதி எங்கே போகிறது என்று
என் மனைவியை யாரும் கேட்க வேண்டாம்.
அலமாரிப் பலகை வளைந்து கிடப்பதை
தினமும் பார்க்கிறாள்.

அன்று நிபியா கொண்டுவந்தது ஞாயிற்றுச் சந்தைச் சரக்கு.
துருப்பிடித்த ஸ்பானர்களுக்கும் கை போன பொம்மைகளுக்கும் நடுவில் கிடந்ததாம்.
இருநூறு பெசோ சொன்னான், நூற்றைம்பதுக்கு முடித்தாளாம்.
தெற்குத்துறை ஐவர் என்றொரு குழு.
ஒரே ஒரு ஆல்பம், பிறகு ஆளையே காணோம்.
அட்டையில் நால்வர்தான் நிற்கிறார்கள்.
ஐந்தாமவன் படம் எடுத்திருக்க வேண்டும்.

இரண்டாம் பக்கம், மூன்றாவது பாட்டு.
கந்தோம்பே முரசுகள் ஒன்றையொன்று துரத்தி
மேடேறிக்கொண்டிருந்தன.
வில்மார், அதுதான்,
மூலையில் டயர் அடுக்கின்மேல் உட்காருகிறவர்,
கையில் எதுவும் இல்லாமல் காதை மட்டும் கொண்டுவருகிறவர்,
உதடுவரை போன குவளையை நிறுத்தினார்.
ஒரு விரலைத் தூக்கினார்.

டக்.

ஊசி துள்ளி எங்கோ போய் விழுந்தது.
விரலை இறக்கி அவர் ஒரு வாய் உறிஞ்சினார்.
அவருக்கு மட்டும் தாளம் தப்பவில்லை.

நிபியா உச்சுக்கொட்டினாள்:
"கீறல். அதனால்தான் இறங்கிவந்தான் பாவி."

அவள் வீட்டிலேயே இன்னும் ஓடாத தட்டு.
இவருக்கு எப்படி அந்தக் கீறல் மனப்பாடம்?

இறைச்சி ஆலையை இழுத்து மூடிய வருஷம்
ஒரு தள்ளுவண்டி நிறைய எதையோ விற்றாராம்.
எப்போதோ யாரோ சொன்னது,
நான் காதில் போட்டுக்கொள்ளாதது.
போட்டுக்கொண்டிருக்கிறேன் போல.

வீட்டுக்கு வந்து
அடுக்களை விளக்கில் உறைகளை உருவிப் பார்த்தேன்.
வலது மூலையில், பென்சிலில், கடுகளவு,
இரண்டு பள்ளத்தாக்கை ஒட்டவைத்தாற்போல்
அவர் பெயரின் முதலெழுத்து.
என்னிடம் ஏழு இருந்தன.
வெவ்வேறு வருஷம், வெவ்வேறு கடை,
ஒவ்வொரு தடவையும் என் அதிர்ஷ்டம் என்று
விசிலடித்துக்கொண்டே வீடு வந்திருக்கிறேன்.

திருப்பிக் கொடுத்தேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும்.
கொடுக்கவில்லை.
சேகரிக்கிறவன் கை வாங்கத்தான் நீளும்.
அதோடு,
கொடுத்தாலும் எதில் போட்டுக் கேட்பார்?
பிளேயரும் அந்த வண்டியில்தானே போயிருக்கும்.

அடுத்த செவ்வாய் ஏழில் ஒன்றை எடுத்துப்போனேன்.
அதற்கடுத்த செவ்வாய் இன்னொன்று.
"இந்த வாரம் என்ன கேட்டாய்?" என்றாள் ஸுல்மா.
"இதைத்தான்" என்று ஊசியை வைத்தேன்,
டயர் அடுக்கின் பக்கம் திரும்பாமல்.
ரப்பர் வாசனை. தகரக் கூரையில் மழை.
லேபிள் என்ன நிறம் என்று யாரோ கேட்டார்கள்.

முதல் பக்கம் தீர்ந்து ஊசி சும்மா உரசியபோது
வில்மார் எழுந்து வந்தார்.
என்னைக் கேட்கவில்லை.
விளிம்பை இரண்டு உள்ளங்கையால் ஏந்தித் திருப்பிப் போட்டு,
"இந்தப் பக்கம் கீறல் இல்லை" என்றார்,
யாரிடம் என்றில்லாமல்.