இந்த வாரம் மூன்று

ஐஸ் கொம்பனிக் கணக்குப் புத்தகத்தில்
பாவிக்காத பக்கங்கள் பின்னால் கிடக்கின்றன.
ஞாயிறு பின்னேரம் அங்கேதான் எழுதுகிறேன்:
என்ன வாசித்தேன், எங்கே எரிச்சல் வந்தது,
எங்கே மூக்கைச் சிந்தினேன்.

முதலாவது, பறக்கும் நாகங்களின் நாடு.
அட்டைக்குள் வரைபடம். மலை இருக்கிறது,
சபிக்கப்பட்ட காடு இருக்கிறது,
ஒரு மீன்சந்தை இல்லை.
ஒன்பது நாள் ஓடுகிறது இளவரசனின் குதிரை;
ஒருவரும் அதற்குப் புல் போடவில்லை.
எண்பது கட்டி ஐஸ் வெளியே போனால்
எண்பதுக்கும் துண்டு எழுதுகிறவள் நான்,
எனக்குப் பொறுக்கவில்லை.
ஆனாலும் நாகம் கடலில் இறங்கிய அந்த இடம்,
தண்ணீர் முதலில் அதை அடையாளம் காணவில்லை,
பிறகு கண்டது.
அதற்காக நாற்பது பக்கம் மன்னித்தேன்.
அடுத்த நாள் உட்துறைமுக வீதியால் போகையில்
பஸ் யன்னலால் எட்டிப் பார்த்தேன்.
இவ்வளவு ஆழம் சும்மா கிடக்குமா?

இரண்டாவது றிஸ்மியா தந்தது.
கிண்ணியாவிலிருந்து ஏழு மணி பஸ்ஸில் வருகிறவள்,
பாலம் தாண்டுவதற்குள் ஒரு அத்தியாயம் முடிப்பாள்.
கதாநாயகனுக்கு மூன்று கொம்பனி, ஒரு கோபம்.
கையைப் பிடித்து இழுக்கிறான், அவள் மயங்குகிறாள்.
"எனக்கென்றால் மணிக்கட்டு வீங்கும்" என்றேன்.
"நீ கதையை வாசிக்கிறாயா, காயத்தை வாசிக்கிறாயா?"
அறுபத்தோராம் பக்கத்தில் மூடினேன்.
முடிவு நல்லம் என்று அவளிடம் பொய் சொன்னேன்.

மூன்றாவதுதான்.
வெளிச்சவீட்டுக்காரி. கடலின் ஆழம் அளக்க வந்த ஒருவன்.
அவள் அவன் பெயரைப் பிழையாகக் கூப்பிடுகிறாள்;
மூன்று மாதம் அவன் திருத்தவேயில்லை.
வாசித்துவிட்டுக் கொஞ்ச நேரம்
ஃபேனைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன்.
சனிக்கிழமை, கோட்டை வாசலுக்குக் கிட்ட ஒரு வாங்கு,
கடைசி அத்தியாயம்.
கப்பல் வந்துவிட்டது. பலகை போட்டாயிற்று.
யாரோ இறங்குகிறார்கள்.
தாங்க முடியாமல் கச்சான் வாங்க எழும்பினேன்.
மாற்றுக்காசு இல்லையென்று இழுத்தடித்தான்.
திரும்பினால் புள்ளிமான்.
முந்நூற்றொன்பதாம் பக்கம் தொடக்கம் வாய்க்குள்.
அவசரமில்லாமல் மென்றது, நல்ல வாசகி மாதிரி.
இழுத்தேன்.
நூல் தைத்த முதுகு மட்டும் என் பக்கம் வந்தது.

இன்று காலை நூலகம்.
தவபாலன் சேர் கண்ணாடியைக் கழற்றினார்.
"மான்?"
"மான்."
"பிள்ளை, வேறு ஏதாவது சொல்லும்."
"சேர், அந்த அலுமாரியில் பதினேழு நாகம்,
பேசுகிற வாள் நாலு,
செத்த பிறகும் கலியாணம் கட்டின ஒரு ராணி.
எல்லாவற்றுக்கும் இலக்கம் ஒட்டி வைத்திருக்கிறீர்கள்."
தண்டம் நானூற்றைம்பது.
காரணம் என்ற கட்டத்தில் மெதுவாக எழுதினார்: மான்.
பக்கத்தில் சின்னதாக ஒரு கேள்விக்குறி.

அவன்தான் இறங்கியிருப்பான் என்கிறாள் றிஸ்மியா.
இருபது வருடமாக வாசிக்கிறாளாம்,
ஒருதரமும் இறங்காமல் விட்டதில்லையாம்.
இருக்கலாம்.
எனக்கு அந்தப் பலகை இன்னும் ஆடுகிறது,
கப்பலுக்கும் கரைக்கும் நடுவில்,
ஒரு சப்பாத்து மட்டும் தெரிய.

வரும் வழியில், பஸ் நிலையத்தடியில்,
ஆறேழு மான்கள் லஞ்ச் சீற்றை நக்கிக்கொண்டு நின்றன.
அதில் எது அது என்று தெரியவில்லை.
எல்லாவற்றுக்கும் முடிவு தெரிந்த முகம்.

அடுத்த வாரத்துக்கு: பேய்க்கப்பல், இரண்டு பாகம்.
முதலாம் பாகத்தை யாரோ கொண்டுபோய்விட்டார்கள்.
பரவாயில்லை,
இரண்டிலிருந்து தொடங்குவேன்.